சீல் குத்திய இருபத்தொன்பது பக்கங்கள்

2024 ஜூலை 13, சனிக்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். மேற்கே மலை தெரியாதபடி மேகம். மழை இல்லை, சட்டையை நனைக்காத சாரலும், சன்னல் கதவுகளை விடாமல் அடிக்கும் காற்றும்தான். ஆடி பிறக்க இன்னும் நான்கு நாள் இருந்தது, ஆனால் காற்று முன்னதாகவே வந்துவிட்டது. தேவதானப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியின் கீழ்த்தளக் கூடத்தில் முப்பத்து நான்கு பேர் தேர்வு எழுத உட்கார்ந்திருந்தார்கள். மாணவர்கள் அல்ல. அந்தப் பள்ளியின் ஆசிரியர்களும் அலுவலகத்தில் வேலை செய்பவர்களும். தேர்வு வைத்தவன் நான்.

முப்பத்து மூன்று பேர் போனைப் பார்த்துக் குனிந்திருந்தார்கள். ஒருவர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து போனைக் காதோரம் வைத்திருந்தார். இரண்டு நிமிடம் கழித்துக் கையை உயர்த்தினார்.

"சார், என் போன் படம்னு மட்டும்தான் சொல்லுது."

அவர் அந்தப் பள்ளியின் வரலாற்று ஆசிரியை. ஜெயமங்கலத்துக்காரர், வயது நாற்பத்தொன்று, பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. பதினாறு வருடமாக அங்கே பாடம் எடுக்கிறார். அவருடைய போனில், திரையில் இருக்கும் எழுத்தைக் குரலாக வாசித்துச் சொல்லும் வசதி உண்டு. விரல் தொட்ட இடத்தில் என்ன இருக்கிறதோ அதைச் சொல்லும். நான் அனுப்பிய கேள்வித்தாள் ஐந்து பக்கம். அவர் என் முன்னாலேயே ஒவ்வொரு பக்கமாகத் தொட்டுக் காட்டினார். படம். படம். படம். படம். படம். ஐந்து முறையும் அதே குரல்.

என்ன நடந்தது என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் நான் செய்ததுதான் இன்றுவரை என்னை அரிக்கிறது.

மே மாதக் கடைசியில் அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை எனக்கு போன் செய்தார். கன்னியாஸ்திரி, எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை மயங்கி விழுந்தால், பாம்பு கடித்தால், தீப்பிடித்தால், வீட்டில் அடிக்கிறார்கள் என்று ஒரு பிள்ளை வந்து அழுதால் என்ன செய்ய வேண்டும் என்று, வாட்ச்மேன் முதல் தன்வரை எல்லோருக்கும் ஒரு பயிற்சி வேண்டும் என்றார். முந்தின வருடம் மதுரையிலிருந்து ஒருவர் வந்து ஆறு மணி நேரம் திரையில் எழுத்தைப் போட்டு அதையே வாசித்துவிட்டுப் போனாராம். சத்துணவுச் சமையல்காரம்மா கடைசி வரிசையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாராம்.

"நீங்க கணக்கு வாத்தியார், ஒண்ணையும் விட மாட்டீகன்னு எல்லாரும் சொன்னாக சார். எல்லாருக்கும் புரியுற மாதிரி செஞ்சு குடுங்க."

எனக்கு எழுபத்து நான்கு வயது. முப்பத்தாறு வருடம் கணக்குப் பாடம் எடுத்தேன், அதில் கடைசி ஒன்பது வருடம் தலைமையாசிரியர். ஓய்வு பெற்ற பிறகு அல்லிநகரத்தில் வீட்டில் உட்கார்ந்து, கேஸ் சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது, தெருக் குழாயில் தண்ணீர் எத்தனை நிமிடம் வருகிறது என்று எழுதி வைத்துக்கொண்டிருந்தவனுக்கு இப்படி ஒரு வேலை. ஒரு நோட்டு வாங்கி ஜூன் முழுவதும் அந்தப் பள்ளிக்குப் போய் வந்தேன். ஊழியர்கள் நாற்பத்து மூன்று பேர். வாசிக்கச் சிரமப்படுகிறவர்கள் ஒன்பது. மூட்டுவலியால் மாடி ஏற முடியாதவர்கள் மூன்று. காது மந்தம் ஒருவர், வாட்ச்மேன். பார்வை இல்லாதவர் ஒருவர். மாடிக் கூடத்துக்குப் படி இருபத்திரண்டு, கீழ்க் கூடத்துக்கு ஒன்று.

என் மனைவி அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "பாடம் எடுக்கப் போறீகளா, சனத்தொகை எடுக்கப் போறீகளா?"

அவள் கேலி செய்தாலும், நான் எண்ணியது வீண் போகவில்லை என்றுதான் நினைத்தேன். கூட்டத்தைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினேன். வாட்ச்மேனுக்கு முதல் வரிசை. எந்தப் பேச்சும் இருபது நிமிடத்தைத் தாண்டக் கூடாது. ஒன்பது பேருக்கும் எழுத்துத் தேர்வு கிடையாது. நானே ஒவ்வொருவரிடமும் வாய்மொழியாகக் கேட்பேன். ஆசிரியர்களுக்கும் அலுவலகத்தாருக்கும் இருபத்து நான்கு பக்கத்தில் ஒரு கையேடு, நாற்பது கேள்வி, நாற்பது நிமிடம், தேர்ச்சிக்கு இருபத்தெட்டு மதிப்பெண். பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டு எழுதக் கூடாது என்றும் ஒரு விதி. பள்ளி ஊழியர் பயிற்சிகளில் நல்ல மனசுள்ள ஒருவர் வரிசை முழுவதற்கும் எழுதிக் கொடுத்துவிடுவது எனக்கு முப்பத்தாறு வருடமாகத் தெரியும்.

வரலாற்று டீச்சரிடமும் போய்க் கேட்டேன். "போன்ல வாசிச்சுருவீகளா டீச்சர்?"

"வாசிச்சுருவேன் சார். அதுவே சொல்லும்."

நோட்டில் அவருக்கு நேரே ஒரு டிக் போட்டேன். அது என்ன சொல்லும், எதைச் சொல்லாது என்று கேட்கவில்லை.

அன்றைக்கே அவர் தன் விஷயத்தையும் என்னிடம் சொன்னார். அவர் ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவுக்கு வகுப்பாசிரியை, பிள்ளைகள் முப்பத்தெட்டு பேர். ஜூன் மாதப் பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "தீப்பிடிச்சா கண்ணு தெரியாத டீச்சரு எம்புள்ளையை எப்படிக் கூட்டிட்டுப் போவாக?" என்று கேட்டிருக்கிறார். இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். நிர்வாகம் அவரை வகுப்பிலிருந்து எடுத்து நூலகப் பொறுப்புக்கு மாற்றலாமா என்று யோசிக்கத் தொடங்கிவிட்டது. சிஸ்டர் அவருக்காக ஒரு வழி கேட்டு வாங்கியிருந்தார். இந்தப் பயிற்சியை யார் உதவியும் இல்லாமல் முடித்துத் தேர்ச்சி பெற்றால் வகுப்பு அவருக்கே.

"மார்க்கு எவ்வளவு வந்தாலும் பரவாயில்ல சார். எனக்கு ஒன்பதாங்கிளாஸ் வேணும். ஆறாங்கிளாஸ்லருந்து நான் பாத்து வளத்த புள்ளைக."

பாத்து என்றுதான் சொன்னார். வேறு எந்த வார்த்தையும் அங்கே பொருந்தாது.

கையேடு தயாரானதும் நான் என் பழைய வழக்கப்படி நடந்துகொண்டேன். எங்கள் பக்கம் பள்ளிக்கூடத்தில் எந்தத் தாளும் கையெழுத்தும் சீலும் இல்லாமல் தாள் ஆகாது. சுற்றறிக்கை வாட்ஸ்அப்பில் போனாலும், அதை முதலில் அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, ஊதா மையில் சீல் குத்தி, அதைப் போனில் படம் எடுத்துத்தான் அனுப்புவார்கள். வெறும் எழுத்தாக அனுப்பினால் யாரோ விளையாட்டுக்கு அனுப்பியது என்று தள்ளிவிடுவார்கள். பள்ளி எழுத்தர் என்னிடம், "சார், டி.டி.பி. சென்டர்ல குடுத்த பைலையே அப்படியே குரூப்புல போட்டுறவா?" என்று கேட்டார். நான்தான் வேண்டாம் என்றேன்.

"சீல் இல்லாம அனுப்புனா ஒருத்தர் திறந்து பாக்க மாட்டாக. நீங்க பிரிண்ட் எடுங்க."

இருபத்து நான்கு பக்கத்திலும் நான் கையெழுத்துப் போட்டேன். அவர் சீல் குத்தி, மேசை மேல் ஒவ்வொன்றாக வைத்துப் படம் எடுத்தார். கேள்வித்தாள் ஐந்து பக்கத்துக்கும் அப்படியே. மொத்தம் இருபத்தொன்பது சீல். கண் உள்ளவர்களுக்கு அது தாள். டீச்சர் போனுக்கு அது இருபத்தொன்பது புகைப்படம். படத்துக்குள் இருக்கும் எழுத்து அதற்குத் தெரியாது.

கையேடு போன ஐந்து நாளில் டீச்சர் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். படமாகத்தான் எல்லாம் வரும், பழக்கம்தான், வீட்டில் தங்கையை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன் என்றார். தேர்வுக்காவது எழுத்தாக வரும் என்று நம்பியிருக்கிறார். எல்லோருக்கும் ஏற்ற பயிற்சி என்று நான்தானே முதல் நாள் மேடையில் சொன்னேன்.

பயிற்சி இரண்டு நாள். வெள்ளிக்கிழமை, பிள்ளைகள் இருக்கும்போதே, தீ ஒத்திகை. மணி அடித்ததும் ஒவ்வொரு ஆசிரியரும் தன் வகுப்பை மைதானத்துக்குக் கொண்டுவர வேண்டும். நான் கடிகாரத்தோடு நின்றேன். டீச்சர் கதவோரம் நின்றுகொண்டு, வெளியே வரும் ஒவ்வொரு பிள்ளையின் தலையையும் தொட்டார். பிள்ளைகள் வரிசை எண்ணைச் சொல்லிக்கொண்டு, முன்னால் போகிறவன் தோளில் கை வைத்துப் போனார்கள். பதினெட்டு வந்தது, இருபது வந்தது.

"பத்தொம்பது எங்கடா?"

"டீச்சர், அவன் டவுசர மாட்டிக்கிட்டு ஓடியாறான்!" கழிப்பறைப் பக்கமிருந்து ஒரு பையன் ஓடிவந்தான். முப்பத்தெட்டும் மைதானத்துக்கு வந்து சேர இரண்டு நிமிடம் பத்து வினாடி. அடுத்த வகுப்பு வர மூன்று நிமிடத்துக்கு மேல் ஆனது. அதில் ஒரு பிள்ளை உள்ளேயே இருந்தது, அந்த ஆசிரியருக்குத் தெரியவில்லை. இதையும் நோட்டில் எழுதினேன். ஆனால் தேர்ச்சிக்கு நான் வைத்திருந்த நாற்பது மதிப்பெண்ணில் ஒத்திகைக்கு ஒரு மதிப்பெண்கூட ஒதுக்கியிருக்கவில்லை.

அன்று மாலை வாய்மொழித் தேர்வு. பூண்டு உரித்த சமையல்காரம்மாவிடம், மயங்கி விழுந்த பிள்ளைக்கு முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"மொதல்ல சுத்தி நிக்கிற வாத்தியாருகளை வெரட்டுவேன். காத்து வரணும்ல?"

முழு மதிப்பெண் கொடுத்தேன்.

சனிக்கிழமை பத்து நாற்பத்திரண்டுக்கு டீச்சர் கையை உயர்த்தியபோது, பக்கத்திலிருந்த தமிழாசிரியை, "நான் வாசிச்சுச் சொல்றேன் சார், பாவம்" என்றார்.

"வேணாம் டீச்சர்," என்றார் இவர். "யாரும் கூட உக்காந்தா பெறகு அதைத்தான் பேசுவாக."

கேள்வியை எழுத்தாக அந்த நிமிடத்தில் மாற்ற எனக்குத் தெரியாது. அது தெரிந்த எழுத்தரும் உள்ளே தேர்வு எழுதிக்கொண்டிருந்தார். தேர்வை எல்லோருக்கும் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. வெளித் தாழ்வாரத்தில் இரண்டு நாற்காலி போட்டு, நானே கேள்வியை வாசித்தேன், அவர் பதில் சொன்னார், நான் எழுதினேன். காற்று பாதி வார்த்தையை அள்ளிக்கொண்டு போனது. ஒவ்வொரு கேள்விக்கும் கொடுத்திருந்த நான்கு விடைகளையும் இரண்டு தடவை, சில சமயம் மூன்று தடவை வாசிக்க வேண்டியிருந்தது. மூக்குக்கண்ணாடி வேறு சாரலில் மங்கியது. இருபத்தேழாவது கேள்வி முடிந்தபோது உள்ளே எல்லோரும் எழுந்துவிட்டார்கள். நாற்பது நிமிடம் ஆகிவிட்டது.

"சார், இன்னும் இருக்குல்ல?" என்றார் டீச்சர்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் ஒரு தேர்விலும் ஒரு நிமிடம் கூடுதலாகக் கொடுத்ததில்லை, என் சொந்த மகன் எழுதியபோதும். "எல்லாருக்கும் ஒரே நேரந்தான் டீச்சர்" என்றேன். அப்படிச் சொன்னது நியாயம் என்றே அப்போது நினைத்தேன். அவர் குச்சியை விரித்துக்கொண்டு எழுந்து போனார்.

பதில் சொன்ன இருபத்தேழில் இருபத்தைந்து சரி. நாற்பதுக்கு இருபத்தைந்து. மாலை மூன்று மணிக்குப் பட்டியலை நிர்வாகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று சிஸ்டர் கேட்டார். நாற்பத்து மூன்று பேர், தேர்ச்சி நாற்பத்திரண்டு, தேர்ச்சி இல்லை ஒன்று. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "சரியாப் பாத்தீங்களா சார்?" என்று மட்டும் கேட்டார். இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன் என்றேன். ஒரு பிரதி அறிவிப்புப் பலகைக்குப் போனது.

ஞாயிற்றுக்கிழமை காலை காபி ஆறும்வரை என் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதிலும் அந்தப் பேசும் வசதி இருந்தது. தேடிக் கண்டுபிடிக்க இருபது நிமிடம் ஆனது. போட்டதும் போன் விடாமல் கத்தத் தொடங்கிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு என் கேள்வித்தாளைத் தொட்டேன். படம் என்றது. பிறகு கடிகாரத்தை வைத்துக்கொண்டு முதல் கேள்வியைக் கண்ணால் வாசித்தேன்: பன்னிரண்டு வினாடி. வாய்விட்டு வாசித்தேன்: ஐம்பது வினாடி. நாற்பது கேள்வியை ஒரு தடவை வாய்விட்டு வாசிக்கவே முப்பத்து மூன்று நிமிடம் வேண்டும். யோசிக்க, பதில் சொல்ல, எழுத ஏழு நிமிடம்தான் மிச்சம். எந்தக் கண்ணுள்ள ஆசிரியரும் அந்த நேரத்தில் தேறியிருக்க மாட்டார்.

"என்னங்க, முகமெல்லாம் வேத்திருக்கு?" என்று மனைவி கேட்டாள். சொன்னேன்.

"எல்லாத்தையும் எண்ணுனீக. அந்தப் பொம்பளை ஒரு கேள்வியைக் காதால கேக்க எம்புட்டு நேரமாகும்னு எண்ணலையாக்கும்."

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய் சிஸ்டர் முன்னால் நின்றேன். பட்டியல் தப்பு, திருப்பி வாங்குங்கள் என்றேன்.

"சனிக்கிழமை சாயந்திரமே நிர்வாகத்துக்குப் போயிருச்சு சார். உங்க கையெழுத்து, எங்க சீல், எல்லாம் இருக்கு. தப்புன்னா எது தப்பு? கூட்டினது தப்பா?"

"வச்ச விதமே தப்பு சிஸ்டர்."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அவங்களுக்கு மட்டும் திரும்ப வச்சா சலுகைம்பாக. வச்சா எல்லாருக்கும் வைக்கணும். ரெண்டாவது சனிக்கிழமையை ஏற்கனவே பிடுங்கியாச்சு, இப்ப நாலாவது சனிக்கிழமை. நீங்களே வந்து கேளுங்க, நான் கேட்டா சண்டைக்கு வருவாக."

மதிய இடைவேளையில் ஆசிரியர் அறையில் நின்று கேட்டேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். ஒரு அறிவியல் ஆசிரியர், "பாஸானவன் எதுக்கு சார் திரும்ப எழுதணும்? பெயிலானா நீங்க பொறுப்பா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இன்னொருவர், மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றார். டீச்சர் அதே அறையில் மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தனக்காக யாரோ கெஞ்சுவதைக் கேட்டுக்கொண்டே சாப்பிடுவது எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. கையைக் கழுவப் போனவர் திரும்பி வரவில்லை.

பாத்திரம் எடுக்க வந்த சமையல்காரம்மாதான் குறுக்கே புகுந்தார். "ஏத்தா, ஒரு சனிக்கிழமை வந்தா தேஞ்சா போயிருவீக? சாரு, சாப்பாடு உண்டுல்ல?"

உண்டு என்றேன். முணுமுணுப்போடு ஒத்துக்கொண்டார்கள்.

அடுத்தது கையேட்டையும் கேள்வித்தாளையும் எழுத்தாக மாற்றும் வேலை. அல்லிநகரத்தில் எனக்கு அச்சுவேலை செய்துகொடுக்கும் டி.டி.பி.காரரிடம் மூலக் கோப்பை வாங்கி, டீச்சருக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அவர் போன் செய்தார். சிரித்துக்கொண்டிருந்தார், அந்த வாரத்தில் நான் கேட்ட ஒரே சிரிப்பு.

"சார், நீங்களே கேளுங்க." தன் போனை வைத்துக் காட்டினார். அது தமிழும் இல்லாமல் இங்கிலீஷும் இல்லாமல் எழுத்து எழுத்தாக ஏதோ உளறியது.

டி.டி.பி.காரரிடம் ஓடினேன். அவர் அடிப்பது பழைய எழுத்துரு. திரையில் பார்க்கத் தமிழ். உள்ளே இருப்பது வேறு எழுத்துகள்.

"பதினெட்டு வருசமா இதுலதான் அடிக்கிறேன் சார். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை எல்லாம் இதான். இன்னைக்கு வரைக்கும் ஒரு ஆளு கொறை சொன்னதில்ல."

"வாசிக்க முடியாதவங்க கொறை சொல்ல வந்திருக்க மாட்டாங்க."

"அப்ப முழுக்க மறுபடி அடிக்கணும். ஆவணி முகூர்த்தத்துக்குப் பத்திரிகை குமிஞ்சு கெடக்கு. ஒம்போது நாள் ஆகும்."

ஒன்பது நாள் என்றதும் சரி என்று வந்துவிட்டேன். பெரியகுளத்தில் வேறு ஆளைத் தேடியிருக்கலாம். தெரிந்த இடம், சொன்னால் சொன்ன நாளில் கொடுப்பார் என்று இருந்துவிட்டேன்.

அந்த ஒன்பது நாளும் தினமும் மாலை ஆறு மணிக்கு டீச்சரும் நானும் போனில் பேசினோம். அடித்து முடித்த பக்கங்களை அனுப்புவேன், அவர் கேட்டுத் திருத்தம் சொல்வார். எல்லோரும் முன்பே பார்த்த பழைய கேள்விகள்தான் அவை; மறுதேர்வுக்கு அதே அமைப்பில் வேறு நாற்பது கேள்வியை யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தேன். கேள்வி முதலில் வரட்டும், விதிமுறை பிறகு வரட்டும் என்றார். 'மேலே உள்ள கட்டத்தைப் பார்க்க' என்று எட்டு இடத்தில் எழுதியிருந்தேன். எட்டையும் எடுக்கச் சொன்னார். ஒரே கேள்வியில் மூன்று தடவை 'இல்லை' வந்ததைக் காட்டி, "கண்ணு இருக்கிறவுகளுக்கே இது தலை சுத்தும் சார்" என்றார். அதுவும் உண்மைதான்.

நான் அவருக்கு எண்பது நிமிடம் தரலாம் என்று யோசித்து வைத்திருந்தேன். அதைச் சொன்னபோது அவர் தன் போன் வாசிப்பதை எனக்குக் கேட்கவிட்டார். எறும்பு ஓடுவது மாதிரி ஒரு சத்தம். எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

"இதான் சார் என் வேகம். நீங்க வாசிச்சீகளே, அந்த வேகத்துல எனக்குத் தூக்கம் வந்துரும்."

நாற்பது நிமிடமே போதும் என்றார்.

ஆனால் ஒன்பது நாள் முடிவதற்குள் நிர்வாகம் முடிவெடுத்துவிட்டது. வியாழக்கிழமை கடிதம் வந்தது. இருபத்திரண்டாம் தேதி திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு வேறொரு ஆசிரியரிடம் போனது. வரலாற்றுப் பாடத்தை இவரே எடுக்கலாம், வகுப்புப் பொறுப்பு கிடையாது. மீதி நேரம் நூலகம். சிஸ்டர் எனக்கு போனில் இதைச் சொல்லிவிட்டு, "மறுதேர்வுல நல்லா எழுதட்டும் சார், நான் பேசிப் பாக்குறேன்" என்றார். அன்று மாலை ஆறு மணிக்கு நான் போன் செய்யத் தயங்கினேன். அவரே செய்தார். பதினேழாவது கேள்வியில் ஒரு திருத்தம் இருக்கிறது என்றார்.

இருபத்தேழாம் தேதி சனிக்கிழமை முப்பத்து நான்கு பேரில் முப்பத்தொரு பேர் வந்தார்கள். பெண் பார்க்க வந்த வீட்டுக்காரரும் அறிவியல் ஆசிரியரும் இன்னொருவரும் வரவில்லை. புதுக் கேள்விகள் எழுத்தாகப் போயின; பதிலையும் போனிலேயே அடித்து அனுப்பச் சொன்னேன். ஊதா மை இல்லை, கையெழுத்து இல்லை. இரண்டு பேர், கண்ணாடியை மறந்துவிட்டோம் என்று சொல்லிவிட்டு, தங்கள் போனையும் பேச வைத்து ஒற்றைக் காதில் கேட்டு எழுதினார்கள். அவர்களுக்கு எழுத்து மங்கிப் பல வருடம் ஆகியிருக்க வேண்டும், சொல்லிக்கொண்டதில்லை.

டீச்சர் இருபத்தொன்பதாவது நிமிடத்தில் முடித்தார். நாற்பதுக்கு முப்பத்தேழு. அன்று வந்தவர்களில் அவருக்கு மேல் இரண்டு பேர்தான்.

சிஸ்டர் புதுப் பட்டியலை எடுத்துக்கொண்டு நிர்வாகத்திடம் போனார். ஒரு வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டனுப்பினார். வகுப்பு மாற்றம் ஏற்கனவே பெற்றோருக்குத் தெரிவிக்கப்பட்டுவிட்டது, வருட நடுவில் மறுபடி மாற்றினால் கேள்வி வரும், அடுத்த வருடம் நிச்சயம் பரிசீலிக்கிறோம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது என்றார். அடுத்த வருடம் அந்த முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வு வகுப்பை அவருக்கு யாரும் தர மாட்டார்கள். இது சிஸ்டருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வெளியே வந்தபோது டீச்சர் நூலகத்தில் இருந்தார். போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் புத்தகங்களின் முதுகைத் தடவி அடுக்கிக்கொண்டிருந்தார், கையை நிறுத்தவில்லை.

"முப்பத்தேழு வாங்குனதுக்கு எல்லாரும் கையைக் குடுக்குறாக சார். ஆனா இருபத்தஞ்சு போட்ட தாளு இன்னும் போர்டுலதான் தொங்குதாம். எம்புள்ளைக வந்து சொல்லுதுக."

"நான் எடுத்துர்றேன் டீச்சர்."

"எடுங்க. ஆனா அன்னைக்கு இன்னும் இருக்குல்லன்னு நான் கேட்டப்ப, நீங்க கடிகாரத்தைத்தான பாத்தீக? பேச்சு நின்னுருச்சு, எனக்குத் தெரிஞ்சுச்சு. பதிமூணு கேள்வி சார். எனக்கு எல்லாமே தெரியும்."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்புங்க சார்" என்று அவரே அனுப்பி வைத்தார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

பலகையிலிருந்த தாளை எடுத்தேன். எழுத்தர் அறைக்குப் போய், பயிற்சிக்காகப் பள்ளி எனக்குக் கொடுத்த பன்னிரண்டாயிரம் ரூபாய்க் காசோலையைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கத் தயங்கி, இதற்கு எந்தத் தலைப்பில் வரவு வைப்பது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

டீச்சரிடமிருந்து போன வகுப்பு திரும்ப வரவில்லை. அவர் இழந்ததை எண்ண என்னிடம் எண் இல்லை. நான் இழந்ததற்கு இருக்கிறது. திருப்பிக் கொடுத்தது, இருபத்தொன்பது பக்கம் மறுபடி அடித்த கூலி, சமையல்காரம்மாவும் நானும் சேர்த்து முப்பத்து மூன்று சாப்பாடு, ஏழு தடவை போய்வந்த பஸ் கட்டணம், எல்லாம் சேர்த்து எனக்கு ஆனது பதினேழாயிரத்து நூற்றிரண்டு ரூபாய்.